குளச்சலில் ஹீட்டரின் ஆயுள்

குளியலறை ஹீட்டரில் கோளாறு என்று கடைக்குப் போனால் முதல் கேள்வியே, "வாங்கி எத்தனை வருஷமாச்சு?" என்பதுதான். மூன்று, நான்கு என்றால் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். எட்டு, பத்து என்றால், "இனி அதுல காசு போடாதீங்க, புதுசு எடுத்திருங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வயதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நம் ஊர்க் கடைக்காரர்களின் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் வீட்டுப் பராமரிப்பு பற்றி எழுதுகிறவர்களும் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு என்றே சொல்கிறார்கள்.

கடற்கரை ஊரான குளச்சலில் அந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய இரண்டு ஹீட்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைக் குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்து வீட்டில் மாட்டுகிறோம். இன்னொன்றைக் குளச்சலில், அலைச் சத்தம் கேட்கும் தெருவில் மாட்டுகிறோம். மலையடிவாரத்துக் கிணற்றில் மழைத் தண்ணீர் ஊறிவரும், உப்பு குறைவு. கடற்கரைக் கிணறுகளில் பல இடத்தில் தண்ணீரே கரிக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமி பல கரையோரக் கிணறுகளில் கடலையே கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனது நினைவிருக்கும். தண்ணீரில் உப்பு, காற்றிலும் உப்பு. இந்த இரண்டு ஹீட்டரும் ஒரே வயதில் போகும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை.

ஆகவே வயதை விட்டுவிட்டு வேறு எதைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹீட்டரில் மாற்ற முடியாத உறுப்பு ஒன்றே ஒன்று, உள்ளே இருக்கும் தொட்டி. தண்ணீரைச் சூடாக்கும் காயில், தெர்மோஸ்டாட், வால்வு, கேஸ்கெட், வயர் எல்லாம் உதிரிபாகங்கள். தொட்டி நன்றாக இருக்கும் ஹீட்டரைத் தூக்கிப் போடுவது வீண் செலவு. தொட்டி ஓட்டையான ஹீட்டரை ரிப்பேர் பண்ணுவது அதைவிட வீண். மக்கள் பெரும்பாலும் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இந்த வெயில் ஊருக்கு ஹீட்டர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. ஆடிச் சாரலில் நான்கு நாள் ஈரத்தில் நனைந்தவர்கள் கேட்க மாட்டார்கள். மார்கழி விடியற்காலை, வீட்டில் வயதானவர்கள், பேறுகாலத்து வேதுக் குளியல், இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டுக் கரையேறும் உடம்பு, இவற்றுக்கெல்லாம் சுடுதண்ணி வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்னால் இதற்குச் செம்புப் பாய்லர் இருந்தது. நடுவில் புகைக்குழல், அடியில் சிரட்டையும் கொதும்பும். குழாய்முனை ஒழுகினால் பற்றவைப்பார்கள். பாட்டி காலத்துப் பாய்லர் பேத்தி காலம்வரை ஓடியதற்குக் காரணம் செம்பு, இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிராது என்பதே. மின்சார ஹீட்டரோடு இரும்பு வந்தது, இரும்போடு துருவும் வந்தது.

சுவரில் நம் கண்ணுக்குத் தெரிவது ஹீட்டரின் உறை மட்டுமே. அதற்குள் ‘பஃப்’ என்ற நுரைப்பொருளால் போர்த்திய தொட்டி இருக்கிறது. 10, 15, 25 லிட்டர் ஹீட்டர்களில் பெரும்பாலும் இது மெல்லிய இரும்புத் தொட்டி. உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு பூசி, 800 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு ஒட்டவைத்திருப்பார்கள். விளம்பரங்களில் இதற்கு நீலம், வைரம், டைட்டானியம் என்று பல பட்டப்பெயர்கள். (டைட்டானியம் எடுக்கும் இல்மனைட்டை இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மணவாளக்குறிச்சி கடல் மணலிலேயே பிரித்தெடுக்கிறார்கள். அதனால் ஹீட்டரின் ஆயுள் நமக்குக் கூடிவிடப் போவதில்லை.) பூச்சு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் முழுமையாக இருக்காது. தொட்டியின் இரண்டு பாதிகளைப் பற்றவைத்த விளிம்பிலும், குழாய் பொருந்தும் வாய்களிலும் ஊசிமுனை இடைவெளிகள் இருந்தே தீரும். தண்ணீர் அந்த வழியாகத்தான் இரும்பைத் தொடுகிறது.

அந்த இடைவெளிகளைக் காப்பதற்காகத் தொட்டிக்குள் ஒரு மக்னீசியம் கம்பியைச் செருகியிருக்கிறார்கள். ஆனோடு என்பார்கள். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி ஒரே தண்ணீரில் நின்றால், அரிப்புக்கு எளிதில் இடம்கொடுக்கும் உலோகம் முதலில் கரையும், மற்றது தப்பிக்கும். மக்னீசியம் இரும்பைவிட வெகு வேகமாக இடம்கொடுக்கும். கம்பி இருக்கும்வரை தொட்டி பிழைக்கும். கம்பி தீர்ந்த நாளிலிருந்து இரும்பின் முறை.

இது புதிய உபாயம் இல்லை. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் போர்த்திய செம்புத் தகட்டை உப்புத் தண்ணீர் தின்றுகொண்டிருந்தபோது, துத்தநாகத்தையும் இரும்பையும் துண்டுதுண்டாக அதில் பொருத்திப் பார்த்தார் ஹம்ஃப்ரி டேவி. ஆண்டு 1824. செம்பு பிழைத்தது. ஆனால் கரையாத செம்பின்மேல் சிப்பியும் பாசியும் நிம்மதியாகக் குடியேறிக் கப்பலின் வேகத்தைக் குறைத்தன. கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. தத்துவம் மட்டும் நிலைத்துவிட்டது. இரும்பு விசைப்படகின் அடியில், புரொப்பல்லருக்குப் பக்கத்தில், இன்றைக்கும் துத்தநாகக் கட்டிகள் பொருத்துகிறார்கள். படகைக் கரையேற்றும்போது கட்டி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றுவது படகுக்காரருக்கு வழக்கமான வேலை. அதே வேலையைச் செய்யும் ஒரு கம்பி தன் வீட்டுக் குளியலறையிலும் இருக்கிறது என்று அவருக்குக்கூட யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்கு வரும் ஹீட்டர் ஒன்றைக் கட்டரால் அறுத்தால் முழுக் கதையும் உள்ளே எழுதியிருக்கும். தொட்டியின் நடுப்பகுதியில் நீலப் பூச்சு பளபளப்பாக, நேற்றுச் சுட்டது போலவே இருக்கும். பற்றவைத்த விளிம்பில் மட்டும் பழுப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஒரே இடத்தில் மிளகு அளவு ஓட்டை. அடியில் ஒரு கை அள்ளும் அளவுக்குச் சுண்ணாம்புச் சில்லும் மணலும். விரல் தடிமனில் மக்னீசியம் இருந்த இடத்தில் வளைந்த கம்பி ஒன்று மிஞ்சியிருக்கும். மக்னீசியத்தைத் தாங்க நடுவில் வைத்த எஃகுக் கம்பி அது. தொட்டியில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு நல்ல நிலையில் இருந்தும், அந்த ஒரு துளையால் எடைக்குப் போய்விட்டது. கம்பியை மட்டும் காலத்தில் மாற்றியிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் ஓடியிருக்கும்.

தண்ணீரில் உப்பு கூடக்கூட மின்சாரம் அதில் எளிதாகப் பாயும். மக்னீசியமும் வேகமாகக் கரையும். குலசேகரத்தில் பல ஆண்டு தாங்கும் கம்பி கடற்கரையில் அதற்கு வெகு முன்னதாகவே தீர்ந்துபோக இதுவே காரணம். சாதாரணமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். கரிக்கும் தண்ணீர் ஓடும் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. பாதிக்குமேல் கரைந்திருந்தாலோ, நடுக்கம்பி எங்காவது வெளியே தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். ஹீட்டர் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமே இல்லை. சர்வீசுக்கு வருகிறவரிடம் நாமாகக் கேட்டாலொழிய அவர் கழற்றிப் பார்க்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

எவர்சில்வர் தொட்டி வாங்கினால் துரு இராது என்று நம்புகிறவர்கள் உண்டு. உப்புத் தண்ணீரில் அது முழுக்கச் சரியில்லை. தண்ணீரிலுள்ள குளோரைடு சாதாரண 304 ரக எவர்சில்வரில் பரவலாகத் துரு ஏற்றாமல் ஓரிடத்தில் குத்தி உள்ளே இறங்கும். சூடு ஏற ஏற அந்தக் குத்தல் வேகமாகும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, குளோரைடுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று எல்லை வைக்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1000 வரை போகலாம் என்கிறது. மனிதன் குடிக்கலாம் என்று அனுமதித்த தண்ணீர், எவர்சில்வர் தொட்டியைக் கொதிசூட்டில் ஓட்டை போடப் போதுமானது. இதை அறிய ஆய்வகமும் தேவையில்லை. நாக்குக்கு உப்பு தெரிய ஆரம்பிப்பதே ஏறக்குறைய 250 மில்லிகிராம் அளவில்தான். வாயில் வைத்தால் கரிக்கிறது என்றால் எவர்சில்வருக்கு ஆபத்தான எல்லையில் நிற்கிறோம். 3 லிட்டர் ‘இன்ஸ்டன்ட்’ ஹீட்டர்களில் பெரும்பாலும் இந்த எவர்சில்வர் தொட்டிதான்; ஆனோடு கிடையாது. கடலோர வீட்டுச் சமையலறையில் அது திடீரென்று ஒருநாள் சொட்ட ஆரம்பித்தால் வியப்பதற்கில்லை. ரிப்பேருக்கும் இடமில்லை, அதை மாற்றத்தான் வேண்டும்.

காற்றின் வேலை தனி. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், அவர் கொடுத்த பணத்தில் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சிக்ரி, மண்டபம் கடற்கரையில் உலோகங்களைக் கடற்காற்றில் காயவைத்து அரிப்பை அளந்துவருகிறது. கடலிலிருந்து தள்ளிப்போகப் போக அரிப்பு சரசரவென்று குறையும் என்பது இத்தகைய ஆய்வுகள் எங்கும் காட்டும் பாடம். சன்னல் கம்பி, கேட், மீன்பிடித் துறையின் இரும்புத் தூண் எல்லாவற்றிலும் குளச்சல்காரர் அதைத் தினமும் பார்க்கிறார். ஹீட்டரின் வெளி உறையிலும் அதுவே நடக்கும். அடிமூடியின் திருகைச் சுற்றிப் பெயிண்ட் உப்பும், சுவரில் பழுப்புக் கோடு இறங்கும். இதைப் பார்த்துத் தொட்டி போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். வெளித்துரு தொட்டியை எட்டிப்பிடிக்க வெகுகாலம் ஆகும். ஆனால் அதே காற்று உள்ளேயுள்ள மின்இணைப்பு முனைகளைப் பச்சை பூக்கவைக்கும். பச்சை பூத்த இணைப்பு சரியாகத் தொடாது. தொடாத இடம் சூடாகும். சூடான இடத்தில் வயர் கருகும். பிளக்கைப் பிடுங்கினால் கை சுடுகிறதா, கருகல் வாடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கிறது. தளர்ந்த பிளக்குக்கு அது பெரிய சுமை.

இனி வீட்டில் உள்ளவர்கள் கவனிக்கும் அறிகுறிகளுக்கு வருவோம். இவற்றில் எவை தொட்டியைக் குற்றம் சாட்டுகின்றன, எவை உதிரிபாகத்தை என்று பிரிப்பதே முழு வித்தையும்.

"முன்ன மாதிரி சூடாகல்ல" என்பது எல்லோரும் முதலில் சொல்வது. எப்படிச் சூடாக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.58 யூனிட் வேண்டும். 2000 வாட் காயில் அதை 17, 18 நிமிஷத்தில் கொடுத்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துச் சோதிக்கலாம். 25 நிமிஷம் ஆகிறதென்றால் உடனே ஹீட்டரைக் குற்றம் சொல்லக் கூடாது. மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே காயில் 1365 வாட்தான் தரும், நேரமும் சரியாக 25 நிமிஷம் ஆகும். எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும் விடியற்காலையில் இது சகஜம். மத்தியானம் ஒருமுறை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காயிலில் சுண்ணாம்பு ஏறியதால்தான் சூடாக நேரமாகிறது என்று சொல்வதிலும் பாதிதான் உண்மை. காயில் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கிறது. அது இழுக்கும் மின்சாரம் எப்படியும் சூடாகித் தண்ணீருக்குள்தான் வந்தாக வேண்டும். சுண்ணாம்பு ஓடு செய்வது வேறு. காயிலின் மேல்தோல் அளவுக்குமீறிச் சுட்டு, சீக்கிரம் வெடிக்கும். தெர்மோஸ்டாட்டின் குழலையும் சேர்த்து ஓடு மூடிவிட்டால், தண்ணீர் சூடாகும் முன்பே தெர்மோஸ்டாட் ‘போதும்’ என்று நிறுத்திவிடும். வெதுவெதுப்போடு விளக்கு அணைவது இதனால். சட்டியில் கடலை வறுப்பது போலப் படபடவென்று சத்தம் வருவதும் அடியில் படிந்த சில்லுகளுக்கு இடையே தண்ணீர் கொதிப்பதால். அடிமூடியைத் திறந்து, காயிலை இறக்கி, வண்டலைக் கழுவினால் இரண்டும் தீரும். தொட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு கோளாறு சற்றே நூதனமானது. சூடாகிறது, முதல் கால் வாளி கொதிக்கக் கொதிக்க வருகிறது, உடனே பச்சைத் தண்ணீர். 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரைக் குளிக்கும் சூட்டுக்கு, ஒரு 40 டிகிரிக்கு, விளாவினால் கிட்டத்தட்ட 38 லிட்டர், அதாவது இரண்டு வாளி, கிடைக்க வேண்டும். ஒரு வாளிக்கே போதவில்லை என்றால் தொட்டிக்குள் இருக்கும் வெளியேற்றுக் குழாயைச் சந்தேகப்படலாம். சுவரில் நிற்கும் ஹீட்டர்களில் பச்சைத் தண்ணீரும் சுடுதண்ணீரும் அடியிலேயே நுழைந்து அடியிலேயே வெளியேறினாலும், சுடுதண்ணீரை எடுக்கும் குழாய் உள்ளே உச்சிவரை நிமிர்ந்து நிற்கும். அது பாதியில் அரித்து ஓட்டையானால் அடியிலுள்ள பச்சைத் தண்ணீரையே உறிஞ்சும். குழாயே இப்படி அரித்திருந்தால் தொட்டியும் பின்னால் வரும் என்று எடுத்துக்கொள்வதே புத்தி.

தண்ணீர் பழுப்பாக வந்தால் முதலில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். அதிலும் பழுப்பு என்றால் குற்றம் மாடித் தொட்டியிலோ பழைய ஜி.ஐ. குழாயிலோ இருக்கிறது. சுடுதண்ணீரில் மட்டும் பழுப்பு என்றால் மூன்று வாளி தொடர்ந்து பிடிக்கலாம். முதல் வாளியோடு தெளிந்துவிட்டால் குழாய்த் துரு. மூன்றாவது வாளியிலும் பழுப்பு மாறவில்லை என்றால் தொட்டி உள்ளுக்குள் கரைய ஆரம்பித்துவிட்டது. ஒழுகுவதற்கு முன்னால் தொட்டி கொடுக்கும் எச்சரிக்கை அநேகமாக இது ஒன்றே. இந்தக் கட்டத்தில் ஆனோடு மாற்றினாலும் காலம் கடந்துவிட்டது. புதுசுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கலாம்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பலரும் ஹீட்டரையே மாற்றத் துணிகிறார்கள். தேங்கிய தண்ணீரில் வாழும் ஒருவகை நுண்ணுயிர், சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு விடுகிறது. மக்னீசியக் கம்பி அதற்கு ஒத்தாசை செய்கிறது. முழுச் சூட்டில் வைத்துத் தண்ணீரை இரண்டு மூன்று தடவை வடித்தால் போகும். திரும்பத் திரும்ப வந்தால் அலுமினியம், துத்தநாகம் கலந்த கம்பிக்கு மாறலாம். நாற்றத்துக்குப் பயந்து கம்பியையே கழற்றிவிடுகிற ‘வைத்தியம்’ ஒன்று உண்டு. அதற்குப் பிறகு தொட்டி வெகுநாள் நிற்காது.

அடுத்தது ஒழுக்கு. இங்கேதான் நல்ல ஹீட்டர்கள் அநியாயமாகப் போகின்றன. வெளியே சொட்டும் தண்ணீருக்கு நான்கு பிறப்பிடங்கள் உண்டு. பின்னல் போட்ட இணைப்புக் குழாய் முதலாவது. குளச்சல் காற்றில் அந்தப் பின்னல் கம்பி துருவேறி ஒவ்வொன்றாக அறுந்து, ஒருநாள் குழாய் வெடிக்கும். இதற்கு ஹீட்டர் பொறுப்பில்லை. இரண்டாவது சேஃப்டி வால்வு. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர், 27இலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 200 மில்லி கூடும். உள்ளே வரும் வழியில் திரும்பா வால்வு இருந்தால், அந்த ஒரு டம்ளர் தண்ணீர் சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டி வெளியேறும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. எந்நேரமும் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். மூன்றாவது, காயிலைத் தாங்கும் தட்டின் கேஸ்கெட். நான்காவது தொட்டி.

கடைசி இரண்டையும் பிரித்தறிய, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு அடிமூடியைத் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் துடைத்து உலர்த்திவிட்டு, தண்ணீரை மட்டும் திறந்துவைத்துக் கால்மணி நேரம் பார்த்தால் போதும். துளி, தட்டின் போல்ட் வரிசையில் முளைத்தால் கேஸ்கெட், சில்லறைச் செலவு. தட்டு உலர்ந்தே இருக்க, நுரைப்பொருள் ஈரத்தில் ஊறி அதன் விளிம்பிலிருந்து துருநிறத்தில் தண்ணீர் கசிந்தால் தொட்டி முடிந்தது. அதற்குமேல் எம்-சீல் வைப்பதும் வெல்டிங் வைப்பதும் காசைக் கடலில் போடுவதற்குச் சமம். வெல்டிங் சூடு உள்ளே சுற்றிலும் கண்ணாடிப் பூச்சை எரித்து, ஒரு ஓட்டைக்கு நாலு ஓட்டையாகப் பெருக்கும். வீட்டுக்கு வருகிற எலக்ட்ரீசியன் மூடியைத் திறக்காமலே, "டேங்க் போச்சு அண்ணே" என்று சொன்னால், "கொஞ்சம் திறந்து காட்டிட்டுச் சொல்லுங்க" என்று கேட்பதில் தவறில்லை.

சொட்டுகிறதே என்று சேஃப்டி வால்வைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு டம்மி போட்டு அடைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, அதற்கு மேலே 90 டிகிரியை ஒட்டித் துண்டிக்க வேண்டிய கட்-அவுட்டும் வேலை செய்யாமல் போனால், தொட்டிக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தில் தண்ணீராகவே நிற்கும். தொட்டி பிளந்த கணத்தில் அது நீராவியாகும். நீராவிக்குத் தண்ணீரைப்போல ஏறக்குறைய 1600 மடங்கு இடம் வேண்டும். குழாயைத் திறந்தால் ஆவி சீறினாலோ, உறை புடைத்திருந்தாலோ அருகில் போகாமல் மெயினை அணைக்க வேண்டும். ஆவி மட்டும் என்றால் தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் மாற்றிப் பிழைக்கலாம். புடைத்த ஹீட்டரைத் திரும்ப மாட்டவே கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோ சேஃப்டி வால்வோ இல்லாத பழைய உள்ளூர்த் தயாரிப்புகளுக்கும் அதே தீர்ப்பு, தொட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

ஷாக் அடிப்பது, டிரிப் ஆவது பற்றியும் சொல்ல வேண்டும். காயில் என்பது உலோகக் குழலுக்குள் சுருள் கம்பி. நடுவில் மின்சாரத்தை விடாத மக்னீசியம் ஆக்சைடுப் பொடி. குழல் கீறினால் தண்ணீர் உள்ளே போய், மின்சாரம் வெளியே கசியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுக் காப்பு ஸ்விட்ச் வீட்டில் இருந்தால் உடனே துண்டித்துவிடும்; இல்லையென்றால் எர்த்து ஒன்றுதான் காப்பாற்ற வேண்டும். தீர்வு காயிலை மாற்றுவது. ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் புது ஹீட்டருக்கு முன் அதை வாங்குவதே முறை. ஹீட்டர் வரும்வரை பக்கெட்டில் ராடு போட்டுச் சமாளிக்கிறவர்கள், ராடு ஓடும்போது சூடு பார்க்கத் தண்ணீரில் விரல் விட்டுவிடக் கூடாது.

குளச்சல் பக்கத்துக்கே உரிய ஒரு வகை ஹீட்டர் உண்டு. அது பூட்டிய வீட்டு ஹீட்டர். வளைகுடாவிலும் வேறு நாடுகளிலும் இருப்பவர்கள் கட்டி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை லீவில் வந்து திறக்கும் வீடுகளில் ஒவ்வொரு குளியலறையிலும் ஒன்று தொங்கும். ஓடாத ஹீட்டர் தேயாது என்று நினைப்போம். தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் அசையாமல் நிற்கும்போதும் ஆனோடு கரைந்துகொண்டேதான் இருக்கும். அது தீர்ந்தபின் பற்றவைத்த விளிம்பு. லீவின் முதல் காலையில் ஸ்விட்சைப் போட்டதும் டிரிப் ஆனால், காயிலுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடுப் பொடி அதன் முனைவழியே கடற்காற்றின் ஈரத்தை இழுத்திருக்கவும் கூடும். கழற்றி உலர்த்தினால் சரியாகலாம். எலக்ட்ரீசியனை வைத்துச் சோதிக்காமல் ஆர்.சி.சி.பி.யைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவது வினையை விலைக்கு வாங்குவது. வீட்டைப் பூட்டிப் போகும் நாளில் பிளக்கைப் பிடுங்கி, உள்வரும் வால்வை மூடி, தொட்டியை முழுக்க வடித்துவிட்டுப் போவது நல்லது. திரும்பி வந்ததும் தண்ணீரை நிரப்பி, குழாயில் தடையில்லாமல் தண்ணீர் விழுவதைப் பார்த்த பிறகே ஸ்விட்ச் போட வேண்டும். காலித் தொட்டியில் ஸ்விட்ச் போட்டால் காயில் சில நிமிஷத்தில் போய்விடும்.

பழைய ஹீட்டர் கரண்டைத் தின்கிறது, அதற்காகவே மாற்றுங்கள் என்ற வாதம் விற்பனையாளர்களிடம் பிரபலம். குளிர்நாடுகளில் அதில் பொருள் உண்டு. அங்கே 150, 200 லிட்டர் தொட்டி இரவுபகலாகச் சூட்டிலேயே நிற்கிறது; சுவர்வழியே கசியும் சூடு பெரிய இழப்பு. நம் பி.ஈ.ஈ. மின்சிக்கன நட்சத்திரங்களும் அந்தக் கசிவைத்தான் அளக்கின்றன, அதாவது 24 மணி நேரம் சும்மா நின்றால் எவ்வளவு வீணாகிறது என்பதை. நாம் குளிக்க இருபது நிமிஷம் முன் போட்டு, குளிக்கப் போகும்போது அணைக்கிறவர்கள். கசிய நேரமேது? ஒரு வேளைக்கு ஒரு தொட்டி என்றால் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 35 யூனிட். புது ஐந்து நட்சத்திர ஹீட்டரும் அதே தண்ணீரை அதே சூட்டுக்குக் கொண்டுவர அதே யூனிட்டைத்தான் கேட்கும். நாள் முழுக்க ஸ்விட்சை அணைக்காத வீடுகளுக்கும் லாட்ஜுகளுக்கும் மட்டுமே நட்சத்திரம் மாற்றுவதற்குக் காரணமாகும். மற்றவர்கள் மாற்ற நேர்ந்தால் நட்சத்திரம் பார்த்து வாங்கலாம். நட்சத்திரத்துக்காக மாற்ற வேண்டியதில்லை.

கேஸ் ஹீட்டர் பற்றி ஒரு வார்த்தை. தொட்டி இல்லாததால் துருக் கதை இதில் குறைவு, ஆபத்து அதிகம். தழல் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, மேலே கரி படிந்தாலோ, கார்பன் மோனாக்சைடு வருகிறது என்று பொருள். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய குளியலறைக்குள் மாட்டிய கேஸ் ஹீட்டரை, நன்றாக ஓடினாலும், வெளியே எடுத்துவிட வேண்டும்.

தொட்டி போனது உறுதியாகி வாங்கப் போகிறோம் என்றால், குளச்சல்காரர் கடையில் கேட்க வேண்டியவை வேறு. ‘டேங்குக்கு ஏழு வருஷம்’ என்ற வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். தண்ணீரின் உப்பும் கடினமும் இன்ன அளவுக்குள் இருக்க வேண்டும், ஆனோடைக் காலத்தில் மாற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் பலவற்றில் இருக்கும்; கரிக்கும் கிணற்று வீட்டுக்கு அந்த ஏழு வருஷம் காகிதத்தோடு நின்றுவிடலாம். நகராட்சித் தண்ணீர் கிடைக்கும் வீட்டில் ஹீட்டருக்கு மட்டுமாவது அந்த லைனைக் கொடுக்கலாம். வெளி உறை இரும்பா பிளாஸ்டிக்கா என்று கேட்டால் பிளாஸ்டிக்கே நமக்கு நல்லது. மாடியில் பிரஷர் பம்ப் வைத்திருந்தால், ஹீட்டர் எத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாட்டுகிறவரிடம் சொல்ல ஒன்று மிச்சம் இருக்கிறது. இப்போதெல்லாம் அழகுக்காக ஹீட்டரை ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளோ பரணிலோ அடைத்துவிடுகிறார்கள். பல மாடல்களில் ஆனோடு கம்பி அடித்தட்டின் வழியாகக் கீழ்நோக்கித்தான் இறங்கும். கம்பியின் நீளத்துக்குக் கீழே இடம் இல்லையென்றால் அதைக் கழற்ற முழு ஹீட்டரையே சுவரிலிருந்து இறக்க வேண்டியிருக்கும், அதனால் யாரும் இறக்க மாட்டார்கள். அடிமூடிக்குக் கீழே ஒன்றரை அடியாவது விட்டு மாட்டச் சொல்லுங்கள். மாட்டிய மாதத்தையும் ஆண்டையும் உறையின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதிவைத்துவிட்டு, அடுத்த ஆண்டு அதே மாதத்தில் கம்பியை இறக்கிப் பார்க்க ஆளைக் கூப்பிட வேண்டும்.